புது ஃபோனில் படம் மங்கலாக வருகிறதா? அறிகுறி பார்த்துக் காரணம் பிடிக்கும் வழி

புது ஃபோன் வாங்கிய வாரத்தில் இங்கே சிங்கப்பூரில் தெரிந்தவர்கள் என்னிடம் கொண்டுவரும் புகார் பெரும்பாலும் ஒன்றுதான்: "இவ்வளவு வெள்ளி கொடுத்து வாங்கினேன், கேமரா ஷார்ப்பாகவே இல்லை." அப்படி வரும் ஃபோன்களில் லென்ஸே பழுதானவை மிகக் குறைவு. வெளிச்சம், தூரம், செட்டிங்ஸ், மேலே ஒட்டிய கண்ணாடி என்று வேறு ஏதாவது காரணமாக இருக்கும். ஆனால் பழுதான லென்ஸ் வந்திருந்தால் அதை முதல் சில நாள்களுக்குள் பிடித்துவிட வேண்டும். நாளாக ஆக, "கீழே போட்டிருப்பீர்கள்" என்று சொல்லக் கடைக்காரருக்கு இடம் கிடைத்துவிடும்.

உங்கள் படத்தில் எது தெரிகிறதோ அந்தத் தலைப்புக்கு நேரே போகலாம். முதல் பகுதியை மட்டும் யாரும் தாண்ட வேண்டாம். பாதிப் புகார் அங்கேயே தீர்ந்துவிடுகிறது.

## எந்த அறிகுறியானாலும் முதலில் இது

ஃபோனின் பின்பக்கத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். பெட்டியில் வந்த மெல்லிய பிளாஸ்டிக் தாள் லென்ஸ் மேல் இன்னும் இருக்கிறதா? கடையில் இலவசமாக ஒட்டிக் கொடுத்த லென்ஸ் கண்ணாடி இருக்கிறதா? உறையின் விளிம்பு லென்ஸை மறைக்கிறதா? சோதனை முடியும்வரை எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள். ஒட்டிய கண்ணாடியை நகத்தால் மெதுவாகக் கிளப்பலாம், கத்தி முனை வேண்டாம்.

அப்புறம் கண்ணாடி துடைக்கும் மென்துணியால் லென்ஸைத் துடையுங்கள். சட்டை நுனியால் துடைத்தால் எண்ணெய்ப் பிசுக்கு பரவத்தான் செய்யும்.

படத்தை ஃபோனோடு வந்த கேமரா செயலியிலேயே எடுங்கள், 1எக்ஸில், அதாவது ஜூம் இல்லாமல். வாட்ஸ்அப்புக்குள்ளோ டிக்டாக்குக்குள்ளோ இருக்கும் கேமராவில் எடுத்தால், ஃபோன் செய்யும் மெருகேற்றல் முழுதாக நடக்காது. எடுத்ததும் இரண்டு விநாடி பொறுத்துக் கேலரியில் திறங்கள். பல ஃபோன்கள் எடுத்த பிறகுதான் படத்தைக் கோத்து முடிக்கின்றன. அதற்குள் பெரிதாக்கிப் பார்ப்பவருக்கு மங்கல்தான் தெரியும்.

பெரிதாக்குவதற்கும் அளவு உண்டு. இரண்டு விரலால் இழுக்க முடிகிற கடைசி எல்லைவரை போனால் எந்த ஃபோனின் படமும் கட்டம் கட்டமாக உடையும். பெட்டியில் 200 மெகாபிக்சல் என்று போட்டிருந்தாலும் சாதாரணமாக எடுக்கும்போது பதினாறு புள்ளிகளை ஒன்றாகச் சேர்த்து 12 மெகாபிக்சல் அளவுப் படத்தைத்தான் அது சேமிக்கிறது. 50 மெகாபிக்சல் ஃபோன்களில் நான்கைச் சேர்த்தும் கிட்டத்தட்ட அதே அளவு வரும். அது குறை இல்லை, இருட்டில் அதுதான் உதவுகிறது.

## என் ஃபோனில் தெளிவு, அனுப்பினால் மங்கல்

கேமராவை விட்டுவிடுங்கள், அதில் ஒன்றும் இல்லை. வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கி அனுப்புகிறது. 2023இல் வந்த எச்டி தேர்வை அழுத்தினால் கொஞ்சம் மேல், ஆனால் அதுவும் சுருக்கம்தான். அசல் போய்ச் சேர வேண்டுமென்றால் படத்தை டாக்குமென்ட்டாக அனுப்புங்கள்.

பழைய படங்கள் மட்டும் மங்கலா? ஐஃபோனில் இடத்தை மிச்சப்படுத்தும் ஐகிளவுட் தேர்வு போட்டிருந்தால், ஃபோனில் இருப்பது சிறிய நகல். படத்தைத் திறந்து அசல் இறங்கும்வரை காத்திருந்து பிறகு பாருங்கள். கூகல் ஃபோட்டோஸில் சேமிப்பு மிச்சத் தேர்வு இருந்தால் 16 மெகாபிக்சலுக்கு மேற்பட்டவை குறைக்கப்பட்டுவிடும்.

## பகலில் நன்றாக வருகிறது, வீட்டுக்குள்ளும் இரவிலும் மங்கல்

இதுதான் அதிகம் வரும் புகார். ஃபோனை வாங்கியதும் எல்லோரும் முதலில் படம் எடுப்பது வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டு வரவேற்பறையில், இரவு எட்டு மணிக்கு, ஓடுகிற பிள்ளையை. கேமராவுக்கு அதைவிடக் கடினமான சோதனை கிடையாது.

எதனால் மங்கல் என்பதை முதலில் பிரித்துப் பாருங்கள். படத்தில் பிள்ளையின் கை மட்டும் இழுபட்டு, பின்னால் இருக்கும் சோபா தெளிவாக இருக்கிறதா? அப்படியானால் பிள்ளை அசைந்திருக்கிறது. சோபா, சுவர்க்கடிகாரம், பிள்ளை எல்லாமே ஒரே திசையில் இழுபட்டிருந்தால் உங்கள் கை அசைந்திருக்கிறது. எதுவும் இழுபடவில்லை, ஆனால் எல்லாம் மெழுகு பூசியது போல இருந்தால் ஃபோன் இருட்டின் புள்ளிக்குறைகளை அழிக்கப் பார்த்து நுணுக்கங்களையும் சேர்த்து அழித்திருக்கிறது.

சந்தேகம் இருந்தால் படத்தை மேலே தள்ளி விவரங்களைப் பாருங்கள். ஷட்டர் (ஒளியை உள்ளே விடும் நேரம்) 1/20, 1/30 விநாடி என்று இருக்கும், ஐஎஸ்ஓ எண் (ஒளியைப் பெருக்கிக் காட்டும் அளவு) ஆயிரத்தைத் தாண்டியிருக்கும். வெயிலில் எடுத்த படத்தில் அதே ஐஎஸ்ஓ நூறுக்குள் இருக்கும். ஓடுகிற பிள்ளை உறைந்து நிற்க 1/200 அளவுக்காவது வேகம் வேண்டும். அந்த வேகத்துக்கு வரவேற்பறைக் குழல் விளக்கு போதாது. எந்த விலை ஃபோனும் இதைத் தாண்ட முடியாது, ஓரளவு சமாளிக்கத்தான் முடியும்.

சமாளிக்கும் வழி, செலவில்லாததிலிருந்து: எல்லா விளக்கையும் போடுங்கள். விளக்கு பிள்ளையின் முகத்தில் விழும் பக்கமாக நீங்கள் நகருங்கள். பிள்ளை ஒரு கணம் நிற்கும் நொடிக்குக் காத்திருங்கள், அல்லது தொடர்ச்சியாகப் பல படங்களை எடுத்து ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். நைட் மோட் பிள்ளைகளுக்கு உதவாது. அது பல படங்களை ஒன்றாகச் சேர்ப்பது, அசைவது எல்லாம் பேய் உருவமாகிவிடும். அசையாத தீபாவளி ஒளியலங்காரத்துக்கு அது நல்லது. சிராங்கூன் சாலையில் எடுக்கும்போது மூச்சை அடக்கி, முழங்கையை விலாவோடு ஒட்டி, திரையில் எண்ணிக்கை முடியும்வரை அசையாமல் நில்லுங்கள். கம்பத்தில் சாய்ந்துகொண்டால் இன்னும் நல்லது.

இருட்டுப் படத்தில் குறுக்கே கறுப்பும் வெளுப்புமாகப் பட்டைகள் ஓடுகின்றனவா? மலிவான எல்இடி விளக்கின் துடிப்பு அது. சிங்கப்பூரில் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், விளக்கு விநாடிக்கு நூறு முறை துடிக்கும். ஷட்டரை நாமே அமைக்க விடும் புரோ மோடில் அதை 1/50 அல்லது 1/100இல் வைத்தால் பட்டை போய்விடும்.

இனிமேல்தான் ஃபோன் மேல் சந்தேகப்பட வேண்டும். மேசையில் ஒரு பூச்சாடியை வையுங்கள். எதிரே ஃபோனைப் புத்தகங்களில் சாய்த்து நிறுத்தி, மூன்று விநாடி டைமர் போட்டு எடுங்கள். கையும் இல்லை, அசைவும் இல்லை. இதிலும் பூச்சாடி மங்கலென்றால் கீழே செய்தித்தாள் சோதனைக்குப் போங்கள். தெளிவாக வந்தால் கேமரா நலம், கடைக்குப் போகத் தேவையில்லை.

## கிட்டே போனால் மங்கல்

இட்லித் தட்டை, மருந்துச் சீட்டை, தோட்டின் கல்லை நெருங்கி எடுக்கும்போது வருவது. இன்றைய விலையுயர்ந்த ஃபோன்களில் சென்சார் (ஒளியைப் படமாக்கும் சில்லு) பெரிது. சென்சார் பெரிதாக ஆக, பிரதான லென்ஸ் ஃபோக்கஸ் செய்யும் மிகக் குறைந்த தூரமும் கூடுகிறது. சில மாடல்களில் அது 20 சென்டிமீட்டருக்கு மேல். பழைய ஃபோனை வைத்த இடத்தில் புது ஃபோனை வைத்தால் மங்கலாவது இதனால்தான்.

ஒரு சாண் பின்னால் போய் 2எக்ஸ் போட்டு எடுத்துப் பாருங்கள். தெளிவு வந்தால் பழுது இல்லை. கிட்டேதான் எடுக்க வேண்டுமென்றால் ஐஃபோன் புரோவில் பூ வடிவக் குறியும், சாம்சங்கின் சில உயர்ரக மாடல்களில் ஃபோக்கஸைக் கூட்டும் குறியும் திரையில் வரும். இரண்டும் அகலக் கோண லென்ஸுக்கு மாறுகின்றன. அந்த லென்ஸின் தரம் பிரதான லென்ஸை எட்டாது என்பதால் ஆவணங்களை நான் எப்போதும் தள்ளி நின்று 2எக்ஸில்தான் எடுக்கச் சொல்வேன்.

இன்னொன்று: கிட்டத்தில் எடுத்தால் தட்டின் முன்பாதி தெளிவாகவும் பின்பாதி மங்கலாகவும் வருவது பெரிய சென்சாரின் இயல்பு. தட்டை நேர் மேலிருந்து எடுங்கள்.

## ஜூம் செய்தால் மங்கல்

முதலில் எந்த லென்ஸ் வேலை செய்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். 3எக்ஸ் அல்லது 5எக்ஸ் போட்டு, திரையைப் பார்த்தபடி ஒவ்வொரு லென்ஸாக விரலால் மூடுங்கள். தொலைநோக்கு லென்ஸை மூடியும் படம் மறையாமல் பிரதான லென்ஸை மூடும்போது மறைந்தால், ஃபோன் தொலைநோக்கு லென்ஸைப் பயன்படுத்தவே இல்லை, பிரதானப் படத்தை வெட்டிப் பெரிதாக்குகிறது. வெளிச்சம் குறைந்தாலோ பொருள் மிகக் கிட்டே இருந்தாலோ ஃபோன்கள் இப்படித் தாங்களாகவே மாறிக்கொள்ளும். கோவில் மண்டபத்தில் நின்று கருவறையை ஜூம் செய்கிறவர்களுக்கு நடப்பது இதுதான்.

நல்ல வெளிச்சத்திலும் தொலைநோக்கு லென்ஸுக்கு மாறவில்லை என்றால் ஃபோனை ஒருமுறை அணைத்து மறுபடி இயக்குங்கள், மென்பொருளைப் புதுப்பியுங்கள். அப்போதும் மாறாவிட்டால் சேவை நிலையம்.

மாறுகிறது, ஆனால் படம் மங்கல் என்றால் காலை எட்டு, ஒன்பது மணிக்கு எதிர் புளோக்கின் சுவரில் எழுதியிருக்கும் எண்ணை எடுத்துப் பாருங்கள். ஜன்னல் கண்ணாடி வழியாக வேண்டாம், நடைபாதையில் நின்று எடுங்கள். மதிய வெயிலில் கார்ப்பேட்டையின் தார் மேல் எழும் அனல் காற்றையே அலையச் செய்யும், புகைமூட்ட நாள்களில் தூரத்தில் எதுவுமே தெளிவாக இருக்காது. அந்த நேரங்களில் சோதித்து லென்ஸைக் குறை சொல்வது நியாயமில்லை. காலையில் எடுத்த ஐந்து படத்தில் ஒன்றுகூடத் தெளிவில்லையா? அது பழுது.

## முகம் வழுவழு, மல்லிகைச் சரம் பஞ்சுப்பொதி

இங்கே ஃபோக்கஸ் சரியாகவே இருக்கும். கண் இமை தெரியும், ஆனால் கன்னத்தில் தோலே இருக்காது. பட்டுச் சேலையின் சரிகை ஒரே மஞ்சள் பூச்சாக இருக்கும். காரணம் மென்பொருள்.

செல்ஃபி கேமராவைத் திறந்து பியூட்டி, ஃபில்டர், முக அலங்காரம் என்ற பெயரில் எது இருந்தாலும் பூஜ்யத்துக்குக் கொண்டுவாருங்கள். சில ஃபோன்களில் பெட்டியிலிருந்து எடுக்கும்போதே அது இயங்கிக்கொண்டிருக்கும், போர்ட்ரெய்ட் மோடில் தனியாக இன்னொன்றும் இருக்கும். காட்சியை அடையாளம் கண்டு நிறத்தைக் கூட்டும் தேர்வையும் நிறுத்துங்கள்.

இதில் எனக்கு முக்கியமாகப் படுவது தோல் நிறம். நம்மில் கறுத்த நிறத்தவர் முகத்தைச் சில ஃபோன்கள் கேட்காமலே வெளுக்கச் செய்கின்றன. அப்படி வெளுக்கும்போது மென்மையாக்கலும் சேர்ந்தே நடப்பதால் படம் மங்கலாகத் தோன்றும். கூகல் 2021இல் பிக்சல் 6ஓடு 'ரியல் டோன்' என்று தனியாக ஒன்றைக் கொண்டுவந்ததே பல நிறத் தோல்களையும் உள்ளபடி காட்டத்தான். வாங்குவதற்கு முன் கடையிலேயே இதைச் சோதியுங்கள். அம்மாவையோ தம்பியையோ ஜன்னலுக்கு முன் நிறுத்தி, வெளிச்சம் முதுகுக்குப் பின்னால் இருக்கும்படி ஒரு படம், முகத்தில் விழும்படி ஒரு படம். திரையில் தெரியும் முகத்தையும் எதிரே நிற்கும் முகத்தையும் மாறி மாறிப் பாருங்கள். உங்கள் வீட்டு மனிதர்கள் உள்ளபடி தெரியாத ஃபோன், பெட்டியில் என்ன எண் எழுதியிருந்தாலும் உங்களுக்கு உதவாது. பியூட்டியை அணைத்த பிறகும் வெளுத்தால் அது அந்த மாடலின் குணம், பழுது அல்ல. எந்தச் சேவை நிலையமும் சரிசெய்யாது.

போர்ட்ரெய்ட்டில் காதோரம், பூச்சரத்தின் விளிம்பு, மூக்குக்கண்ணாடிக் கம்பி மங்கினால் அதுவும் மென்பொருளின் கணக்குப் பிழைதான். சாதாரண மோடில் எடுங்கள். குழுப் படத்தில் ஓரத்தில் நிற்பவர் முகம் அகன்று தெரிந்தால் 0.5எக்ஸை விட்டு, பின்னால் போய் 1எக்ஸில் எடுங்கள்.

## வெள்ளைப் படலம், புகை போல

குளிரூட்டிய பேரங்காடியிலிருந்தோ ரயிலிலிருந்தோ வெளியே வந்ததும் எடுத்தீர்களா? இங்கே விடியலுக்கு முன் ஈரப்பதம் 90 விழுக்காட்டைத் தாண்டும், பிற்பகலில்தான் 60 அளவுக்கு இறங்கும். குளிர்ந்த கண்ணாடியில் நீராவி படியாமல் என்ன செய்யும்? துடைத்தால் மறுபடி படியும். பத்து நிமிடம் ஃபோனை வெளிக்காற்றில் பிடித்திருங்கள்.

துடைத்தும் போகவில்லை, பத்து நிமிடத்திலும் போகவில்லை, உற்றுப் பார்த்தால் கண்ணாடிக்கு உள்பக்கம் துளிகள் தெரிகின்றன என்றால் ஈரம் உள்ளே போயிருக்கிறது. ஃபோனை அணைத்துவிட்டு அன்றே சேவை நிலையத்துக்குக் கொண்டுபோங்கள். அரிசிப் பானைக்குள் புதைக்காதீர்கள், தூசிதான் உள்ளே போகும்.

விளக்கிலிருந்து நீளக் கோடுகள் பாய்ந்தால் விரல் பிசுக்கு, அல்லது ஒட்டிய லென்ஸ் கண்ணாடி. விளக்குக்கு எதிர்ப்பக்கத்தில் சின்னப் பச்சைப் புள்ளிகள் மிதந்தால் லென்ஸுக்குள் ஒளி எதிரொளிப்பது. கோணத்தைச் சற்று மாற்றினால் நகர்ந்துவிடும், பழுது இல்லை.

## ஒரு பக்கம் மட்டும் எப்போதும் மங்கல்

இதற்குத்தான் அவசரம் காட்ட வேண்டும். லென்ஸ் அடுக்கு ஒரு மயிரிழை சாய்ந்து பொருத்தப்பட்டிருந்தால் படத்தின் ஒரு ஓரம் மட்டும் மங்கும். எந்தச் செட்டிங்கும் அதைத் தீர்க்காது. ஃபோனைச் சாய்த்துப் பிடிப்பதாலும் இதே தோற்றம் வரலாம், அதனால் பிரித்தறியும் சோதனை இதோ.

தமிழ் முரசு இதழ் ஒன்றை விரித்து, சுருக்கமில்லாமல் நடைபாதைச் சுவரில் நாலு மூலையும் ஒட்டுங்கள். நேர் வெயில் படாத பகல் வெளிச்சம் வேண்டும். நாற்காலியில் புத்தகங்களை அடுக்கி ஃபோனை நிறுத்துங்கள், தாளின் நடுவும் லென்ஸும் ஒரே உயரத்தில். கேமராவில் கட்டக்கோடுகளைப் போட்டு, தாளின் விளிம்பும் கோடும் இணையாக வரும்வரை சரிசெய்யுங்கள். தாள் படத்தை முழுதாக நிரப்ப வேண்டும். நடுவில் தொட்டு ஃபோக்கஸ் செய்து, டைமரில் ஐந்து படம்.

நல்ல படத்தைத் தேர்ந்தெடுத்து நடுவையும் நான்கு மூலைகளையும் ஒரே அளவில் பெரிதாக்கிப் பாருங்கள். மெய்யெழுத்துகளின் புள்ளியைக் கவனியுங்கள். அது எழுத்தோடு ஒட்டாமல் தனியாக நிற்கிறதா? நடுவைவிட நான்கு மூலைகளும் கொஞ்சம் குறைவாக, ஆனால் சமமாக இருந்தால் எல்லா லென்ஸுக்கும் அது இயல்பு. 0.5எக்ஸில் அந்தக் குறைவு இன்னும் கூடுதலாகவே இருக்கும். ஒரு மூலையில் மட்டும் புள்ளி கரைந்து எழுத்தோடு கலந்திருந்தால் அடுத்த படி.

ஃபோனைத் தலைகீழாகத் திருப்பி அதே இடத்தில், லென்ஸ் அதே உயரத்தில் இருக்கும்படி நிறுத்தி மறுபடி எடுங்கள். தாளின் அதே மூலைதான் மறுபடி மங்கலா? தாள் வளைந்திருக்கிறது அல்லது ஃபோன் சாய்ந்திருக்கிறது, சரிசெய்து மீண்டும் எடுங்கள். இந்த முறை மங்கல் தாளின் எதிர் மூலைக்குப் போய்விட்டதா? அப்படியானால் மங்கல் ஃபோனோடு சேர்ந்து திரும்பியிருக்கிறது. பழுது லென்ஸில். இரண்டு படத்தையும் அழிக்காமல் வையுங்கள், கடைக்காரரிடம் பேச அதுவே சான்று.

ஐந்து படமும் முழுக்க முழுக்க மங்கலா? எதிர் புளோக்கின் எண்ணை 1எக்ஸில் எடுங்கள். கிட்டே தெளிவு, தூரம் மங்கல் என்றாலும், தூரம் தெளிவு, ஒரு மீட்டரில் மங்கல் என்றாலும் ஃபோக்கஸ் மோட்டாரில் கோளாறு. கேமரா செட்டிங்ஸை ஒருமுறை மீட்டமைத்துப் பாருங்கள். மாறாவிட்டால் கடை.

## ஃபோக்கஸ் நிலைக்காமல் ஆடுகிறது, உள்ளே சத்தம்

கேமரா அணைந்திருக்கும்போது ஃபோனைக் குலுக்கினால் லேசாகக் கடகடப்பது பழுது அல்ல. கை நடுக்கத்தைச் சமன்செய்ய லென்ஸ் மிதக்கும்படி வைத்திருக்கிறார்கள், கேமராவைத் திறந்தால் சத்தம் நின்றுவிடும். கேமரா திறந்திருக்கும்போது படம் துடிப்பதும் உள்ளே ரீங்காரம் கேட்பதும்தான் கவலைக்குரியவை.

காந்தம் உள்ள உறை, காந்தப் பணப்பை, காரில் ஒட்டும் காந்தப் பிடி எல்லாவற்றையும் விலக்கிவிட்டு மறுபடி பாருங்கள். மிதக்கும் லென்ஸைப் பிடித்திருப்பதே காந்தவிசைதான், பக்கத்தில் இன்னொரு காந்தம் வந்தால் தடுமாறும். மோட்டார்சைக்கிளில் உணவு விநியோகம் செய்கிறவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். கைப்பிடியில் ஃபோனை நேராகப் பொருத்தி ஓட்டுவதால் ஏற்படும் அதிர்வு இந்த அமைப்பைக் கெடுக்கக்கூடும் என்று ஆப்பிள் நிறுவனமே 2021இல் எச்சரித்திருக்கிறது. அதிர்வை உறிஞ்சும் பிடி தனியாக விற்கிறார்கள், அல்லது ஃபோனைச் சட்டைப்பையில் வையுங்கள். ஏற்கெனவே துடிக்கத் தொடங்கிவிட்டால் கேமரா பாகத்தை மாற்றுவது தவிர வழியில்லை.

எல்லாப் படத்திலும் ஒரே இடத்தில் நிறக்கோடோ புள்ளியோ நின்றால் சென்சார் காயம்பட்டிருக்கிறது. மேடை நிகழ்ச்சிகளில் லேசர் கதிர் நேராக லென்ஸில் பட்டால் இப்படி ஆகும். இதுவும் மாற்ற வேண்டியதுதான்.

## கடைக்குப் போகும்போது

முதலில் ரசீதைப் பாருங்கள். ஒன்றுக்கு ஒன்று மாற்றித் தரும் காலம் கடைக்குக் கடை மாறும், பெரும்பாலும் சில நாள்கள்தான். அந்தக் காலத்துக்குள் இருந்தால் பழுதுபார்க்க ஒப்புக்கொள்ளாமல் மாற்றித் தரவே கேளுங்கள். கடையின் காட்சி ஃபோன் அதே மாடல் என்றால் அதையும் உங்களுடையதையும் ஒரே இடத்தில் வைத்து ஒரே பொருளை எடுத்துக் காட்டுங்கள். வாதம் பாதியாகக் குறையும்.

லோக்கல் செட் (நிறுவனம் இங்கே விற்கவே கொண்டுவந்தது) என்றால் நிறுவனத்தின் சேவை நிலையத்துக்கு நேரே போகலாம். எக்ஸ்போர்ட் செட் (வேறு நாட்டுச் சந்தைக்கானதைக் கடை தருவித்தது) என்றால் உத்தரவாதம் பெரும்பாலும் கடையுடையது, விலை குறைந்ததன் மறுபக்கம் அது. எந்த செட்டானாலும், 2012 செப்டம்பர் 1 முதல் இங்கே நடப்பில் இருக்கும் 'லெமன் சட்டம்' விற்றவரைக் கட்டுப்படுத்தும். வாங்கிய ஆறு மாதத்துக்குள் தெரியவரும் பழுது, வாங்கும்போதே இருந்ததாகக் கொள்ளப்படும். இல்லை என்று காட்ட வேண்டியது விற்றவர் பொறுப்பு. முதலில் பழுதுபார்த்தோ மாற்றியோ தர வேண்டும், அது நியாயமான காலத்தில் முடியாவிட்டால் விலைக்குறைப்போ பணமோ கேட்கலாம். நீங்கள் கீழே போட்டதற்கும், மாடல் பிடிக்காமல் போனதற்கும் இது பொருந்தாது. பேச்சு முறிந்தால் பயனீட்டாளர் சங்கமான 'கேஸ்' இருக்கிறது. அதற்கும் மேல் சிறு கோரிக்கை நடுவர் மன்றம், அங்கே 20,000 வெள்ளிவரை வழக்கறிஞர் இல்லாமலே கோரலாம்.

உத்தரவாதம் இருக்கும்போது வெளிக்கடையில் ஃபோனைத் திறக்கவிடாதீர்கள். நீர் புகாமல் காக்கும் பசை ஒருமுறை பிரிந்தால் பழையபடி அடைபடும் என்று சொல்ல முடியாது, நிறுவனமும் கைகழுவிவிடும். கைமாறிய ஐஃபோன் வாங்குகிறீர்கள் என்றால், 12 மாடலிலிருந்து அதற்குப் பிந்தையவற்றில், பணம் கொடுக்கும் முன் செட்டிங்ஸில் ஜெனரல், பிறகு அபௌட் போய்ப் பாருங்கள். கேமரா மாற்றப்பட்டிருந்தால், அசல் பாகமா இல்லையா என்பது அங்கேயே எழுதியிருக்கும்.